மலிவு ஆண்ட்ராய்டு போனில் எட்டிப் பார்ப்பது யார்? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

ராமநாதபுரம் கடலோரத்தில், தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, இந்தக் கரையில் பெரும்பாலான கைகளில் இருப்பது 7,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய்க்குள் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்தான். வங்கிக் கணக்கு அதில் இருக்கிறது. துபாயில் இருக்கும் கணவரின் முகம், பிள்ளையின் மார்க் ஷீட், மகளிர் குழுவின் கணக்கு, காற்று எச்சரிக்கை எல்லாமே அந்த ஒரு செட்டில்தான். விலை குறைந்த போன் என்பதற்காக அதை வைத்திருப்பவரின் அந்தரங்கமும் மலிவாகிவிடாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தபோது, போனின் விலையை யாரும் கேட்கவில்லை.

போனில் ஏதாவது கோளாறு என்றால் இளைஞர்கள் உடனே கேட்பது, "அண்ணே, வேற ஓஎஸ் போட்டுடலாமா?" என்று. ஓஎஸ் என்பது போனையே இயக்கும் அடிப்படை மென்பொருள். அதை மாற்றிப் போடலாம். ஆனால் அது கடைசி மருந்து. பத்தில் எட்டு கோளாறுக்கு செட்டிங்ஸிலேயே வழி இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஓஎஸ்ஸை மாற்றினால் ஜிபே போய்விடும், அழைப்பு போய்விடும், சில நேரம் போனே போய்விடும். அதனால் முதலில் அறிகுறியைப் பாருங்கள். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கிருந்து படித்தால் போதும்.

மெனுப் பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். நான் சொல்லும் பெயர் உங்கள் போனில் இல்லையென்றால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் அந்தச் சொல்லில் பாதியைத் தட்டுங்கள், வந்துவிடும்.

லாக் எடுக்கும் முன்னாலேயே விளம்பரம் நிற்கிறது

இது வைரஸ் இல்லை, கம்பெனியே வைத்தது. குறைந்த விலை போனில் லாபம் பொருளை விற்பதில் மட்டும் வருவதில்லை. தன் போன்களில் 5 சதவீதத்துக்கு மேல் நிகர லாபம் வைக்கப் போவதில்லை என்று ஷாவ்மி 2018-ல் அறிவித்தது. மீதி வருமானம் விளம்பரத்திலிருந்தும் இணையச் சேவைகளிலிருந்தும் வருகிறது. மற்ற கம்பெனிகளும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடக்கின்றன. அதாவது போனை வாங்கிய பிறகும் உங்கள் பார்வையை வைத்து யாரோ சம்பாதிக்கிறார்கள். அதை நிறுத்துவது உங்கள் உரிமை.

லாக் ஸ்கிரீனில் தினம் ஒரு படமும் செய்தியும் மாறி மாறி வந்தால், பெரும்பாலும் அது கிளான்ஸ் என்ற சேவை. செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் அல்லது வால்பேப்பர் பகுதிக்குப் போய் அதை அணையுங்கள். சில போன்களில் "வால்பேப்பர் கரோசல்" என்ற பெயரில் இருக்கும்.

ஷாவ்மியின் ரெட்மி, போக்கோ வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. செட்டிங்ஸில் "ஆதரைசேஷன் அண்ட் ரிவோகேஷன்" என்று தேடுங்கள். வரும் பட்டியலில் "எம்எஸ்ஏ" என்று ஒன்று இருக்கும். விளம்பரங்களைக் கொண்டுவருவது அதுதான். அதை அணைக்கப் போனால் பத்து விநாடி எண்ணும், பிறகு "ரிவோக்" என்ற பட்டன் உயிர்பெறும். அழுத்தினால் முடியவில்லை என்று ஒரு வரி வரும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். நெட்டை ஆன் செய்து வைத்துக்கொண்டு இரண்டு மூன்று முறை திரும்பத் திரும்ப அழுத்தினால் அணைந்துவிடும். ரியல்மி, ஓப்போவில் "கெட் ரெகமெண்டேஷன்ஸ்" என்று தேடி அணையுங்கள். விவோவில் "ஹாட் ஆப்ஸ்", "ஹாட் கேம்ஸ்" என்ற ஃபோல்டர்களைத் திறந்து பரிந்துரையை நிறுத்துங்கள்.

எல்லா போனிலும் செய்ய வேண்டியது ஒன்று: செட்டிங்ஸ், கூகுள், ஆட்ஸ் என்று போய் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடுங்கள். விளம்பரம் குறையாது. ஆனால் ஒரு ஆப்பில் நீங்கள் பார்த்ததை இன்னொரு ஆப்போடு சேர்த்து முடிச்சுப் போடுவது கடினமாகிவிடும்.

எந்த ஆப்பும் திறக்காமலே திரை முழுக்க விளம்பரம் விழுகிறது

இது முந்தையதிலிருந்து வேறு. இங்கே குற்றவாளி பெரும்பாலும் நீங்களோ வீட்டுப் பிள்ளைகளோ போட்ட ஆப். டார்ச், கிளீனர், க்யூஆர் ஸ்கேனர், ரிங்டோன், சாமி வால்பேப்பர் என்ற வகையறாக்களில்தான் அதிகம் ஒளிந்திருக்கும்.

விளம்பரம் வந்த அந்த நொடியில் அதை மூடாதீர்கள். ரீசன்ட்ஸ் பட்டனை அழுத்துங்கள். விளம்பரம் ஒரு அட்டையாகச் சுருங்கும், அதன் தலையில் எந்த ஆப் என்று சின்னப் படம் தெரியும். படம் வெறுமையாக இருந்தாலும் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் "ஆப் இன்ஃபோ" வரும். அங்கிருந்தே நீக்கலாம்.

அப்படிப் பிடிபடவில்லை என்றால் சேஃப் மோடுக்குப் போங்கள். பவர் பட்டனை அழுத்தி, திரையில் வரும் "பவர் ஆஃப்" மேல் விரலை வைத்துப் பிடித்தால் கேட்கும். சில போன்களில் ரீஸ்டார்ட் ஆகி லோகோ வரும்போது வால்யூம் குறைக்கும் பட்டனைப் பிடிக்க வேண்டும். சேஃப் மோடில் நாமாகப் போட்ட ஆப் எதுவும் ஓடாது. அங்கே அரை மணி நேரம் விளம்பரம் வரவில்லையென்றால் நாம் போட்ட ஏதோ ஒன்றுதான் காரணம். அங்கேயும் வந்தால் கம்பெனி போட்டது. கீழே "ரீசெட் போட்டும் திரும்ப வருகிறது" என்ற பகுதிக்குப் போங்கள்.

நாம் போட்டதுதான் என்று தெரிந்தால், செட்டிங்ஸில் "ஸ்பெஷல் ஆப் ஆக்சஸ்" திறந்து "டிஸ்ப்ளே ஓவர் அதர் ஆப்ஸ்" பட்டியலைப் பாருங்கள். மற்ற ஆப்புக்கு மேலே வந்து நிற்க அனுமதி பெற்றவர்களின் பட்டியல் அது. பழக்கமில்லாத பெயர் எது இருந்தாலும் அனுமதியைப் பிடுங்கி ஆப்பை நீக்குங்கள். நீக்கும் பட்டன் அமுங்காமல் மங்கலாக இருந்தால், "டிவைஸ் அட்மின் ஆப்ஸ்" பட்டியலில் அதன் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி வாருங்கள்.

பிறகு, ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்கு மேல் உள்ள போன் என்றால், "பிரைவேட் டிஎன்எஸ்" (எந்தத் தளம் எங்கே இருக்கிறது என்று போன் விசாரிக்கும் இடம்) என்று தேடி, அதில் ஆட்கார்ட் நிறுவனத்தின் இலவச முகவரியைப் போடலாம்: டிஎன்எஸ், புள்ளி, ஆட்கார்ட், சிறு கோடு, டிஎன்எஸ், புள்ளி, காம், எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில் (dns.adguard-dns.com). பெரும்பாலான விளம்பரங்களும் உளவுத் தொடர்புகளும் அந்த வாசலிலேயே நின்றுவிடும். ஒன்று நினைவிருக்கட்டும்: நீங்கள் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்ற கேள்விகள் இனி அந்த நிறுவனத்துக்குப் போகும். ரயில்வே ஸ்டேஷன் வைஃபை போன்ற இடங்களில் நெட் வரவில்லையென்றால், இதைச் சற்று நேரம் அணைத்து உள்நுழைந்துவிட்டு மறுபடி போடுங்கள்.

காலையில் எழுந்தால் 1.5 ஜிபி காலி

டேட்டா யூசேஜ் பட்டியலைத் திறந்தால் பதில் அங்கேயே இருக்கும். முதலிடத்தில் வாட்ஸ்அப் என்றால் உளவு இல்லை, குரூப் வீடியோக்கள் தானாக இறங்குகின்றன. பிளே ஸ்டோர் என்றால் ஆப்களின் அப்டேட். அதை வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். கேலரியோ, கீபோர்டோ, கால்குலேட்டரோ நூற்றுக்கணக்கான எம்பி எடுத்திருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அதன் பின்னணி டேட்டாவை நிறுத்தி, வேறு நல்ல ஆப் போடுங்கள். கீபோர்டு விஷயத்தில் தாமதம் வேண்டாம். நீங்கள் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது.

திரை தானாக ஓடுகிறது, யாரோ உள்ளே இருக்கிறார்கள்

இந்தக் கரையில் இந்தப் பயம் அதிகம். தானாக ஆப் திறக்கிறது, தானாக எழுத்து விழுகிறது, யாருக்கோ கால் போகிறது. கேமராவுக்கு முன்னால் துணியைப் போட்டு மூடி வைத்துக்கொண்டு வருகிற அக்காமார் உண்டு. அவர்களின் பயத்தை யாரும் சிரித்து ஒதுக்கக் கூடாது. காரணத்தைக் கண்டுபிடித்துக் காட்ட வேண்டும்.

முதல் சோதனை: ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள். வைஃபையும் புளூடூத்தும் அணைந்திருக்கட்டும். வெளியிலிருந்து யாரும் இனி வர முடியாது. அப்போதும் திரை தானாக ஓடினால் அது ஆள் இல்லை, டச் பழுது.

இரண்டாவது சோதனை: "அபவுட் போன்" பகுதியில் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் "பாயிண்டர் லொகேஷன்" போடுங்கள். திரையில் எங்கே தொடுதல் விழுகிறதோ அங்கே மெல்லிய கோடு வரும். விரலே படாமல், ஒரே ஓரத்தில், ஒரே நேர்கோட்டில் திரும்பத் திரும்பக் கோடு விழுந்தால் கண்ணாடிக்குக் கீழே ஈரமோ விரிசலோ இருக்கிறது.

இங்கே இது சகஜம். உப்பு நீர் காய்ந்தாலும் உப்பு போகாமல் அங்கேயே நிற்கும். காற்றில் ஈரம் ஏறியதும் அந்த உப்பு மறுபடி நீரை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் மதியம் ஒழுங்காக இருக்கும் போன் விடியற்காலையில் பேயாட்டம் போடுகிறது. பாசி எடுத்த கையோடு, வலை தொட்ட கையோடு போனை எடுப்பவர்களுக்குச் சார்ஜர் துளையிலும் ஸ்பீக்கர் துளையிலும் உப்புப் படிந்திருக்கும். போனை அணைத்து, டெம்பர்ட் கிளாஸைக் கழற்றி, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள். துளைகளை சர்வீஸ் கடையில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் வைத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். அரிசிப் பானைக்குள் வைத்தால் உப்பு போகாது. சார்ஜ் போடும்போது மட்டும் ஓடினால் சார்ஜரை மாற்றிப் பாருங்கள்.

ஏரோப்ளேன் மோடில் அமைதியாகிவிட்டு, நெட் வந்ததும் மறுபடி ஓடினால் அது வேறு கதை. எனிடெஸ்க், டீம்வியூவர், ரஸ்ட்டெஸ்க் போன்ற தூரத்திலிருந்து இயக்கும் ஆப் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு "ஆக்சசிபிலிட்டி" பகுதியைத் திறங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வைத்த வசதி அது. அதற்கு அனுமதி கிடைத்த ஆப், திரையில் இருப்பதைப் படிக்கவும் உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் முடியும். திருட்டு ஆப்கள் முதலில் கேட்பது இந்த அனுமதியைத்தான். உங்களுக்குத் தெரியாத எதுவும் அங்கே ஆன் நிலையில் இருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் "லிங்க்டு டிவைசஸ்" பட்டியலையும் பாருங்கள். தெரியாத கணினி ஒன்று இருந்தால் அங்கேயே வெளியேற்றுங்கள்.

போன் ஸ்ரீலங்காவுக்குப் போய்விட்டது

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். நடுவில் மலையும் இல்லை, மரமும் இல்லை. அரிச்சல்முனையில் நின்றால் அக்கரை டவர் சிக்னல் வருவதும், "இலங்கைக்கு நல்வரவு" என்று மெசேஜ் வருவதும் இயல்பு. யாரும் உங்கள் போனைத் திருடவில்லை, ஒட்டுக் கேட்கவில்லை.

ஆனால் ரோமிங் கட்டணம் நிஜம். டேட்டா ரோமிங்கை அணையுங்கள். மொபைல் நெட்வொர்க் பகுதியில் ஆபரேட்டரைத் தானாகத் தேர்வு செய்வதை நிறுத்தி, உங்கள் கம்பெனியைக் கையால் தேர்ந்தெடுங்கள். கடலில் சிக்னலே இல்லாத இடத்தில் போன் டவரைத் தேடித் தேடி சார்ஜைத் தின்னும். அங்கே ஏரோப்ளேன் மோடு போடலாம், ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். மதுரை, சென்னை என்று வெளியூர் போகும்போது மறுபடி ஆட்டோமேட்டிக்கில் போட மறக்க வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலைத் தொட்டுவிட்டேன்

கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதம், கிசான் பணம் என்று பெயர் எதுவாகவும் இருக்கும். கடைசியில் ஏபிகே என்று முடிந்தால் அது பத்திரிகை இல்லை, ஆப். தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்ததா என்று பார்க்காதீர்கள், அவர் போனும் ஏற்கெனவே பிடிபட்டிருக்கும்.

இறக்கி மட்டும் வைத்திருந்தால் அழித்துவிடுங்கள், போதும். இன்ஸ்டால் செய்து அனுமதியும் கொடுத்துவிட்டீர்கள் என்றால் நேரம் முக்கியம். உடனே ஏரோப்ளேன் மோடு. சிம்மைக் கழற்றுங்கள். ஓடிபி மெசேஜ்கள் அந்தத் திருட்டு ஆப் வழியாக வெளியே போய்க்கொண்டிருக்கும். இன்னொருவர் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை நடுவிலேயே தடுக்க வாய்ப்பு உண்டு. அதற்குப் பிறகுதான் போனைத் துப்புரவு செய்ய வேண்டும்: டிவைஸ் அட்மின், ஆக்சசிபிலிட்டி இரண்டிலும் அந்த ஆப்பை அணைத்து, நீக்கி, படங்களையும் எண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட். பாஸ்வேர்டுகளை வேறு போனிலிருந்து மாற்றுங்கள்.

கடன் ஆப் என் படத்தை எல்லாருக்கும் அனுப்புகிறது

ஆப்பை நீக்கினால் இது நிற்காது. முதல் நாளே உங்கள் காண்டாக்ட் பட்டியலும் படங்களும் அவர்கள் சர்வருக்குப் போய்விட்டன. ஓஎஸ் மாற்றினாலும் பயன் இல்லை.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கடன் ஆப்கள் போனில் உள்ள ஃபைல்களையும், காண்டாக்ட், கால் பட்டியலையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. கூகுளும் 2023 மே முதல் பிளே ஸ்டோரில் உள்ள கடன் ஆப்களுக்கு காண்டாக்ட், படங்களைப் பார்க்கத் தடை போட்டது. ஆகவே இவற்றைக் கேட்கும் ஆப் தொடக்கத்திலேயே விதியை மீறுகிறது. மிரட்டல் மெசேஜ்களை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பணம் போட்ட விவரத்தோடு 1930-க்கும் காவல் நிலையத்துக்கும் போங்கள். மிரட்டலுக்குப் பயந்து மேலும் பணம் கட்டாதீர்கள், கட்டக் கட்ட அடுத்த மிரட்டல் வரும். வீட்டில் நெருக்கமான இரண்டு பேரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குழுவில் ஒருவருக்கு இப்படி நடந்தால் மற்றவர்கள் அவரைத் தனியே விடாதீர்கள். வெட்கப்பட வேண்டியது அந்தப் படத்தை அனுப்பியவன்.

பேசினது அப்படியே விளம்பரமாக வருகிறது

ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் என்றால் மைக்கோ கேமராவோ ஓடும்போது மேல் மூலையில் பச்சைப் புள்ளி தெரியும். "பிரைவசி டேஷ்போர்டு" திறந்தால் கடந்த 24 மணி நேரத்தில் யார் மைக்கைத் தொட்டார்கள் என்று நேரத்தோடு இருக்கும். அங்கே சந்தேகத்துக்கு இடமில்லை என்றால், விளம்பரம் வந்த வழி வேறு: பக்கத்தில் இருந்தவர் அதே வைஃபையில் தேடியிருப்பார், அல்லது நீங்கள் நின்ற கடையின் இடம் பதிவாகியிருக்கும். இருப்பிட அனுமதியை "ஆப்பைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றுங்கள்.

எல்லாவற்றுக்கும் இருப்பிடத்தை மொத்தமாக அணைத்துவிட வேண்டாம். ஃபிஷர் ஃப்ரெண்ட் போன்ற மீனவர் ஆப்களுக்குத் துல்லியமான இருப்பிடம் தேவை. எல்லைக் கோடு நெருங்குவதைச் சொல்ல வேண்டிய ஆப்புக்கே நாம் நிற்கும் இடம் தெரியாவிட்டால் அது ஆபத்து.

ரீசெட் போட்டும் திரும்ப வருகிறது

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கூகுள் கணக்கின் பேக்அப்பிலிருந்து அதே ஆப் மறுபடி இறங்குகிறது. ரீசெட் முடிந்ததும் பழையதை மீட்காமல், புதிய போன் போலத் தொடங்கி இரண்டு நாள் பாருங்கள்.

இரண்டாவது காரணம் மோசம். ரீசெட் சிஸ்டம் பகுதியைத் தொடாது, நம் தகவல்களை மட்டும்தான் அழிக்கும். சிஸ்டத்துக்குள்ளேயே கிருமி இருந்தால் அது அப்படியே நிற்கும். ட்ரயாடா என்ற கிருமி சில மலிவு போன்களில், கடைக்கு வருவதற்கு முன்பே, உற்பத்திச் சங்கிலியிலேயே உள்ளே வைக்கப்பட்டிருந்ததை 2019-ல் கூகுளே உறுதி செய்தது. எக்ஸ்ஹெல்பர் என்ற இன்னொன்று ரீசெட்டையும் தாண்டிப் பிழைத்தது. பெயர் தெரியாத கம்பெனியின் போனை ரொம்ப மலிவாக வாங்கும்போது இந்த அபாயமும் கூடவே வருகிறது.

கம்பெனி வைத்த வெறும் விளம்பர ஆப் என்றால் ஷிசுகு, காண்டா என்ற இரண்டு ஆப்களின் துணையோடு, ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் இருந்தால் கணினி இல்லாமலே, ரூட் (சிஸ்டத்தின் முழு அதிகாரம்) இல்லாமலே உங்கள் கணக்கிலிருந்து நீக்கலாம். காண்டா ஒவ்வொரு ஆப்பையும் நீக்கினால் ஆபத்தா இல்லையா என்று அடையாளம் காட்டும். ஆபத்து என்று இருப்பதைத் தொடாதீர்கள். உண்மையான கிருமி என்றால் கம்பெனியின் ஒரிஜினல் ஃபர்ம்வேரை, அதாவது போனோடு வந்த அடிப்படை மென்பொருளை, கணினி வழியாக முழுதாக ஏற்ற வேண்டும். ரெட்மியில் பழைய பதிப்பை ஏற்றாதீர்கள். பின்னோக்கிப் போவதைத் தடுக்கும் பூட்டு இருக்கும் மாடல்களில் போன் செத்துவிடும். கிருமியே கம்பெனியின் ஃபர்ம்வேரில் இருந்தால் அந்தப் போனில் வங்கி வேலை செய்யாதீர்கள்.

அப்டேட் வந்து வருடக்கணக்கில் ஆயிற்று

இங்குதான் கஸ்டம் ஓஎஸ்ஸுக்கு, அதாவது போன் கம்பெனி அல்லாதவர்கள் கட்டிய ஓஎஸ்ஸுக்கு, நியாயமான இடம். "அபவுட் போன்" பகுதியில் செக்யூரிட்டி பேட்ச் தேதியைப் பாருங்கள். அது இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால், தெரிந்துபோன ஓட்டைகள் பல உங்கள் போனில் அடைக்கப்படாமல் கிடக்கின்றன. போன் நன்றாக ஓடுகிறது, கம்பெனி மட்டும் கைவிட்டுவிட்டது. அந்தப் போனைக் குப்பையில் போட வேண்டியதில்லை.

முதலில் எது முடியாது என்று சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புக்குப் பெயர்பெற்ற கிராஃபீன்ஓஎஸ் கூகுளின் பிக்சல் போனுக்கு மட்டும்தான். 10,000 ரூபாய் போனில் அதைப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மலிவு போன்களுக்கு எட்டுவது லினேஜ்ஓஎஸ். சயனோஜென்மாட் 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது அதிலிருந்து கிளைத்தது இது. அதன் அதிகாரபூர்வத் தளத்தில் உங்கள் போனின் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அத்தோடு நிறுத்துங்கள். டெலிகிராம் குரூப்பில் யாரோ கட்டிய ஃபைலைப் போடுவது, விளம்பரத்துக்குப் பயந்து வீட்டுச் சாவியை முகம் தெரியாதவனிடம் கொடுப்பது போல.

மாடலின் பெயர் மட்டும் போதாது. ரெட்மி நோட் 4 என்ற ஒரே பெயரில் மீடியாடெக் சிப்பும் வந்தது, ஸ்னாப்டிராகனும் வந்தது. ஒன்றின் ஃபைல் மற்றதற்குப் பொருந்தாது. அதனால் உள் குறியீட்டுப் பெயரைப் பார்த்துப் பொருத்துங்கள்.

அடுத்தது பூட்லோடர் பூட்டு. போன் எழும்பும்போது எந்த ஓஎஸ்ஸை ஏற்றலாம் என்று பார்க்கும் பகுதிதான் பூட்லோடர். விவோவில் சாதாரண வழியில் திறக்க முடியாது. ஷாவ்மியில் கணக்கை இணைத்துக் காத்திருக்க வேண்டும். முன்பு பெரும்பாலும் 168 மணி நேரம் கேட்டார்கள், அவர்களின் புதிய சிஸ்டமான ஹைப்பர்ஓஎஸ் வந்த பிறகு இன்னும் இறுக்கிவிட்டார்கள். ரியல்மியில் சில மாடல்களுக்கு மட்டும் வழி உண்டு. மோட்டோரோலாவில் பல மாடல்களுக்குக் கம்பெனித் தளத்திலேயே குறியீடு கிடைக்கும். சாம்சங்கில் திறந்தால் நாக்ஸ் என்ற பாதுகாப்பு நிரந்தரமாக அறுந்துவிடும், செக்யூர் ஃபோல்டர் அந்தப் போனில் இனி இல்லை. எந்தக் கம்பெனியானாலும் பூட்டைத் திறந்த நொடியில் போனில் உள்ள எல்லாம் அழியும். படங்களை முன்பே மெமரி கார்டில் எடுத்து வையுங்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பூட்லோடர் திறந்தே கிடக்கும் போன் கையில் கிடைத்தால், விவரம் தெரிந்தவன் அதில் வேறு சிஸ்டம் ஏற்ற முடியும். மலிவு போன்களில் கஸ்டம் ஓஎஸ் போட்ட பிறகு மறுபடி பூட்ட முயன்றால் பெரும்பாலும் போன் எழும்பாது. மேலும் லினேஜ் போட்டாலும் மோடம், சிப் சார்ந்த பகுதிகள் கம்பெனி கடைசியாகக் கொடுத்த நிலையிலேயே நிற்கும். செட்டிங்ஸில் வெண்டர் பேட்ச் தேதி தனியாகக் காட்டுவது அதைத்தான். விளம்பரமும் உளவும் போய்விடும், சிஸ்டம் ஓட்டைகள் பெரும்பாலும் அடைபடும். அவ்வளவுதான் கிடைக்கும். எனக்கு அது போதுமான காரணம். கூடவே ரூட் செய்யாதீர்கள், தேவையே இல்லை.

எப்போது செய்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் போகிறவர்களுக்கு அதுதான் நல்ல நேரம், போன் இரண்டு நாள் கிடந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லை. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கட்டும், நடுவில் கரண்ட் போனால் தாங்க வேண்டும். கூகுள் கணக்கைப் போனிலிருந்து முதலில் நீக்குங்கள். மாடலுக்கான வழிகாட்டியில் என்ன வரிசை இருக்கிறதோ அதே வரிசை, ஒரு படியையும் தாண்டாதீர்கள்.

வேறு ஆளிடம் செய்யக் கொடுப்பதாக இருந்தால் சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி, ரீசெட் போட்டுக் கொடுங்கள். பேட்டர்ன் கேட்டால் சொல்ல வேண்டிய நிலையே வரக் கூடாது. சாதாரண டிஸ்ப்ளே மாற்றவும் இதே விதிதான். புதிய சாம்சங்கில் "மெயின்டனன்ஸ் மோட்" இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுத்தால் படங்கள் தெரியாது. கீழக்கரையில் ஒரு லாத்தா (அக்கா), போனைக் கடையில் வைத்துவிட்டு வேலை முடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவர் செய்தது முழுக்கச் சரி.

புது ஓஎஸ் போட்ட பிறகு வரும் கோளாறுகள்

அழைப்பு வரவில்லை, போகவில்லை: ஜியோ சிம்மா என்று பாருங்கள். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது. 4ஜி வழியாகவே பேசும் வசதியான வோல்ட்இ வேலை செய்யாவிட்டால் நெட் வரும், அழைப்பு வராது. உங்கள் மாடலுக்கென்றே கட்டிய லினேஜில் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை இல்லை. எல்லா போனுக்கும் பொதுவான ஜிஎஸ்ஐ ஃபைலைப் போட்டவர்களுக்கு, அதிலும் மீடியாடெக்கில், முதலில் உடைவது இதுதான். ஏர்டெல் சிம் போட்டு 2ஜியில் அழைப்பு போகிறதா என்று பார்த்தால் காரணம் உறுதியாகிவிடும்.

வங்கி ஆப் திறக்கவில்லை: பிளே இன்டெக்ரிட்டி என்ற கூகுள் சோதனையில் போன் தோற்கிறது. ஏமாற்றி உள்ளே போகும் வழிகள் இணையத்தில் கிடைக்கும், இன்று ஓடும், நாளை நிற்கும். மாதக் கடைசியில் நின்றால் யார் பதில் சொல்வது? வீட்டில் பூட்லோடர் திறக்காத இன்னொரு போன் இருந்தால் பணம் அதில் இருக்கட்டும். ஒரே போன்தான் வீட்டில், அதில்தான் யுபிஐ என்றால், தயவுசெய்து ஓஎஸ்ஸைத் தொடாதீர்கள். மேலே சொன்ன செட்டிங்ஸ் வேலைகளே உங்களுக்குப் போதும்.

படம் மங்கலாக ஓடுகிறது: வீடியோவைத் திருட்டிலிருந்து காக்கும் வைட்வைன் என்ற பாதுகாப்பின் தரம் இறங்கியிருக்கிறது, ஓடிடியில் எச்டி வராது. இதற்கு மருந்து இல்லை.

சிம்மே இல்லை என்கிறது: *#06# தட்டிப் பாருங்கள். போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ பூஜ்யமாகவோ வெறுமையாகவோ வந்தால் அந்தப் பகுதி அழிந்திருக்கிறது. மீடியாடெக்கில் என்விராம், சாம்சங்கில் ஈஎஃப்எஸ் என்பார்கள். வேலை தொடங்கும் முன் அதை நகல் எடுத்திருந்தால் திரும்ப ஏற்றலாம். நகல் இல்லையென்றால் கம்பெனி சர்வீஸ்தான். வேறு எண்ணை எழுதித் தருகிறேன் என்று சொல்பவரிடம் போகாதீர்கள், ஐஎம்இஐ எண்ணை மாற்றுவது சட்டப்படி குற்றம்.

ஜிபிஎஸ் இடம் பிடிக்க நேரமாகிறது: கூகுள் சேவை இல்லாமல் போட்டவர்களுக்கு இது வரும். வழக்கமாக நெட் வழியாக செயற்கைக்கோள் விவரம் இறங்கி, சில விநாடியில் இடம் தெரிந்துவிடும். அந்த உதவி இல்லாதபோது போன் வானத்திலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுப் பெற வேண்டும், பல நிமிடம் ஆகலாம். கரையை விடும் முன், வானம் திறந்த இடத்தில் நின்று மேப்பைத் திறந்து, இடம் பிடித்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓஎஸ் மாற்றிய போனை நம்பிப் படகில் உள்ள தனி ஜிபிஎஸ் கருவியை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.